புழல் ஏரிக்கரை தோட்ட வீடு: யுத்த காலத்தில் அங்கே இருந்தது யார்?

ஏரிக்கரைப் பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுச் சண்டை ஒன்றைத் தீர்த்து வைக்க, விஷயம் தெரிந்தவர்கள் யாராவது வேண்டும்.

சென்னையிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி ரோட்டிலிருந்து புழல் ஏரிப் பக்கம் உள்ளே போகும் சந்து ஒன்றில் எங்களுக்கு ஒரு பழைய தோட்ட வீடு இருக்கிறது. தங்கசாலைத் தெருவில் கடை வைத்திருந்த ஒரு முதலாளி கட்டியது. எங்கள் கொள்ளுத்தாத்தா அங்கே தோட்டக்காரர். முதலாளியின் பிள்ளைகள் 1953ல் விற்றபோது வீட்டையும் கிணற்றையும் சுற்றி இருந்த கொஞ்சம் நிலத்தையும் அவரே கிரயம் வாங்கினார். மாமரமும் புளியமரமுமாக இருந்த மிச்ச நிலமெல்லாம் எப்போதோ பிளாட் ஆகிவிட்டது. வீடு மட்டும் நிற்கிறது. மெட்ராஸ் டெரஸ் தளம், தேக்கு உத்திரம், பின்னால் மாட்டுக் கொட்டகை, மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டிய கிணறு. பங்காளிகள் பேசி முடித்துவிட்டார்கள். தை பிறந்ததும் இடித்துவிட்டு குடோன் வருகிறது. அதைப் பற்றிப் புலம்ப இங்கே வரவில்லை.

சண்டை வேறு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அந்த வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள் என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். யார் என்பதில்தான் ஆளுக்கொரு கதை.

எங்கள் ஆயாவுக்கு (அம்மாவின் அம்மா) இப்போது 93 வயது. அப்போது சின்னப் பெண். அவர் சொல்வது: "வெள்ளக்காரனுங்க இருந்தானுங்க. ராத்திரி போவானுங்க, வெடிஞ்சி வந்து தூங்குவானுங்க. ஏரி மேல வந்து குந்துமே பிளேனு, அதுலதான் போவானுங்க."

மாமா இதைக் கேட்டாலே சிரிப்பார். "குடிதண்ணி ஏரியில எவன்டா பிளேன் இறக்குவான்? சோழவரத்துல எறங்கினதப் பாத்துட்டு அம்மா மாத்திச் சொல்லுது" என்பார். பெரியம்மா வீட்டுக்காரர், இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர், அங்கே இத்தாலிக் கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள் என்று அடித்துச் சொல்கிறார். சித்திக்குத் தெரிந்ததெல்லாம் பர்மாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் கொட்டகையில் இருந்தது என்பதுதான்.

வீட்டில் இருக்கும் தடயங்கள்: இரண்டு அறைகளில் மேல் ஜன்னல் கண்ணாடிகளில் உள்பக்கமாகக் கறுப்புப் பூச்சு. ஓர் அறைக் கதவில் பழைய பெயின்ட் உரிந்த இடத்தில் 4 என்ற எண் தெரிகிறது (அந்த வீட்டில் மொத்தமே ஐந்து அறைதான், யார் எண் போடுவார்கள்?). பரணில் ஓர் எனாமல் தட்டு கிடைத்தது. அதன் அடியில் மேல்நோக்கிய அம்புக்குறி மாதிரி ஒரு முத்திரை.

யார் சொல்வது சரி? எந்த ஆபீசில், எந்தக் காகிதத்தில் தேடுவது?


கொருக்குப்பேட்டை கேட்:

எங்கள் தாத்தா வீட்டிலும் இப்படி ஒரு கதை உண்டு. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்ட பிறகு பாதி தங்கசாலை ரெட்ஹில்ஸ் பக்கம், அதாவது இந்தப் புழல் ஏரிப் பக்கம், ஓடி வந்தது என்பார். 1914 செப்டம்பர் 22, துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் கம்பெனி டேங்குகள் பற்றி எரிந்ததே, அது. உங்கள் வீட்டில் இருந்ததும் அப்படி ஓடி வந்த ஜனமாக இருக்கும். பிளேன் விஷயத்தில் என் ஓட்டு மாமாவுக்கு. நாம் குடிக்கிற ஏரி அது.


கேட்டலினா பைத்தியம்:

மாமா தோற்றுவிட்டார். புழல் ஏரியில் விமானம் இறங்கியது. ஒன்றிரண்டு அல்ல, முழு ஸ்குவாட்ரனே (விமானப் படைப்பிரிவு) இருந்தது. பிரிட்டிஷ் விமானப்படைப் பதிவுகளில் அந்தத் தளத்தின் பெயரே 'ரெட்ஹில்ஸ் லேக்'. 240வது ஸ்குவாட்ரன் 1942லிருந்து அங்கேதான். 1944ல் 191வதும், கொஞ்ச காலம் 628வதும் இருந்தன. எல்லாம் கேட்டலினா என்ற கடல் விமானம். இரண்டு இன்ஜின், இறக்கையின் நீளம் 104 அடி. அடிப்பாகம் படகு மாதிரியே இருக்கும், நேராகத் தண்ணீரில் இறங்கும். பிரிட்டிஷார் வைத்திருந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தரையில் ஓடச் சக்கரமே கிடையாது. பழுது பார்க்கக் கரையேற்ற வேண்டுமென்றால் தனியாகச் சக்கரம் மாட்டி இழுப்பார்கள். "ஏரி மேல வந்து குந்தும்" என்று ஆயா சொன்னதை இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

வேலை என்னவென்றால், வங்கக்கடல் மேல் ரோந்து, நீர்மூழ்கிக் கப்பல் தேடுவது. அதோடு, ஜப்பான் கையில் இருந்த கரைகளுக்கு ரகசியமாகப் போய் ஆட்களை இறக்கிவிட்டு வருவது. கேட்டலினா ஒரே மூச்சில் 20 மணி நேரம்கூடப் பறக்கும். ராத்திரி போய் விடிந்து வந்து தூங்குவார்கள் என்றால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அந்தக் கறுப்புக் கண்ணாடிகூடப் பகலில் தூங்குவதற்காகப் பூசியதாக இருக்கலாம் என்பது என் ஊகம். எனாமல் தட்டில் இருக்கும் அம்புக்குறி பிரிட்டிஷ் ராணுவச் சாமான்களுக்கான முத்திரை.

சோழவரம் வேறு. அது தரையில் போட்ட யுத்த கால ஓடுதளம், பிற்பாடு கார் ரேஸ் நடந்ததே அதேதான். இத்தாலிக் கைதிகளுக்கான பெரிய முகாம்கள் பெங்களூர், போபால், டேராடூன், யோல் பக்கம். ஏரிக்கரையில் ஐந்து அறை வீட்டில் கைதிகளை வைத்தார்கள் என்பதை நான் நம்ப மாட்டேன், அதுவும் ராணுவ விமானத் தளத்துக்குப் பக்கத்தில்.

லண்டனில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் ஸ்குவாட்ரன் நாட்குறிப்புகள் இருக்கின்றன. எந்தத் தேதியில் எந்த விமானம் கிளம்பியது, யார் ஓட்டியது எல்லாம் இருக்கும். யார் எந்த வீட்டில் படுத்தார்கள் என்பது இருக்காது. ஏரியில் விமானம் இருந்தது என்பதாலேயே உங்கள் வீட்டில் விமானிகள் இருந்தார்கள் என்று ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.


பழைய பத்திரம்:

தம்பி, நான் பொன்னேரி பக்கம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். இப்போது ஓய்வு. இந்த மாதிரிக் குடும்பச் சண்டை நிறைய என் மேஜைக்கு வந்திருக்கிறது. பெரும்பாலும் எல்லோருமே சரியாகத்தான் சொல்வார்கள், ஆனால் வேறு வேறு வருஷத்தைச் சொல்வார்கள். யுத்தம் 1939 செப்டம்பரில் ஆரம்பித்து 1945 ஆகஸ்டில் முடிந்தது. ஆறு வருஷம். ஆறு வருஷத்தில் ஒரு வீட்டில் எத்தனை குடி மாறும்? உங்கள் வீட்டில் "யுத்த காலத்தில்" என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறீர்கள். முதலில் அவிழ்த்து வருஷ வாரியாகப் பிரியுங்கள்.

கொருக்குப்பேட்டைத் தம்பி சொன்ன எம்டன் முதல் யுத்தம். உங்கள் ஆயா அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் அதை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். துறைமுகத்தில் குண்டு விழுந்ததைப் பார்த்த தங்கசாலை வியாபாரி ஊருக்கு வெளியே ஒரு தோட்ட வீடு இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். வீடு எப்போது கட்டியது என்பதை மூலப் பத்திரம் சொல்லும்.

அப்புறம் 1942. 1941 டிசம்பர் 23ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. மார்ச்சில் ஊரே ஜப்பான் கைக்குப் போனது. லட்சக்கணக்கான நம் ஜனங்கள் கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலிலும், கிடைக்காதவர்கள் மலை வழியாகக் கால்நடையாகவும் திரும்பினார்கள். ஏப்ரல் 5ல் கொழும்பில் ஜப்பான் குண்டு விழுந்தது, 6ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9ல் திரிகோணமலையில். அடுத்தது மெட்ராஸ்தான் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். ஊரில் அவசிய வேலை இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று ரிப்பன் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சிசாலையில் சிங்கம், புலி எல்லாவற்றையும் மலபார் ஸ்பெஷல் போலீஸை விட்டுச் சுட்டார்கள். இதை எங்கள் அப்பா சொல்லும்போது ஜப்பான்காரனை விட்டுவிட்டு இதற்குத்தான் கோபப்படுவார்.

வசதி உள்ளவர்கள் அப்போது ரயிலேறி சொந்த ஊருக்குப் போனார்கள். தோட்ட வீடு வைத்திருந்தவர்கள் முதலில் அங்கேதான் வந்திருப்பார்கள். ஆகவே 1942 சித்திரையில் உங்கள் வீட்டில் இருந்தது முதலாளி குடும்பமாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருமே அதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கண்ணாடிக் கறுப்பும் அப்போதுதான் பூசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இருட்டடிப்பு உத்தரவு எல்லா வீட்டுக்கும் பொது. பயமும் சும்மா இல்லை. 1943 அக்டோபரில் ஒரே ஒரு ஜப்பான் விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுத்தான் போனது.

இனி காகிதத்துக்கு வருவோம். வெள்ளைக்காரன் சும்மா வந்து வீட்டில் உட்கார்ந்துகொள்ள முடியாது. இந்தியப் பாதுகாப்பு விதிகள் என்று ஒன்று இருந்தது. அதில் 75ஏ விதிப்படி சர்க்கார் எந்தக் கட்டடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்தால் ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். தொகையில் ஒத்துவராவிட்டால் நடுவர் போட வேண்டும். ஆகவே உத்தரவு இருக்கும், அளவெடுத்த குறிப்பு இருக்கும், பணம் வாங்கியவர் கையெழுத்து இருக்கும். யார் தங்கினார்கள் என்று தேடிக்கொண்டு போனால் எங்கேயும் கிடைக்காது, படை வருகிறது போகிறது. யாருக்குப் பணம் போனது என்று தேடுங்கள். சர்க்கார் மற்றதையெல்லாம் தொலைக்கும், பணம் கொடுத்த கணக்கைச் சுலபத்தில் தொலைக்காது.

முதலில் உங்கள் கையில் இருக்கும் 1953 கிரயப் பத்திரத்தை எடுத்து முழுதும் படியுங்கள். எல்லோரும் சர்வே நம்பரையும் நான்கு எல்லையையும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது, இடையில் யார் அனுபவத்தில் இருந்தது என்று நடுவில் ஒரு பத்தி வரும். சோழவரம் பக்கத்துச் சொத்து ஒன்றின் பத்திரத்தில் "யுத்த காலத்தில் மிலிட்டரி வசம் இருந்து பின்னிட்டு எங்கள் வசம் ஒப்புவிக்கப்பட்டு" என்று நானே கண்ணால் படித்திருக்கிறேன். அதைத் தாண்டிப் பின்னால் போக வேண்டுமென்றால் சப்ரிஜிஸ்தர் ஆபீசில் வில்லங்கம் போடுங்கள். கம்ப்யூட்டரில் வருவது பிற்காலத்துக் கணக்குதான். பழையதை மனு போட்டு, கையால் தேடச் சொல்லி வாங்க வேண்டும்.

அடுத்து எழும்பூர். ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். உங்கள் இடம் அப்போது செங்கல்பட்டு ஜில்லா. திருவள்ளூர் மாவட்டம் என்று கேட்டால் 1997க்கு முன்னால் அப்படி ஒன்றே கிடையாது, யாரும் எடுத்துத் தர மாட்டார்கள். செங்கல்பட்டு கலெக்டர், 1942 முதல் 1947 வரை, கட்டடம் கையகப்படுத்தல், கிராமத்தின் பெயர். இப்படிக் கேளுங்கள். 1947 வரை என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த விதிகள் 1946 செப்டம்பரோடு காலாவதி. அப்போதும் திருப்பிக் கொடுக்காமல் இருந்த சொத்துகளுக்காக 1947ல் தனிச் சட்டம் போட்டார்கள். உங்கள் வீடு எந்தப் பக்கம் விழுந்தது என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. ஆயாவிடம் "யார் இருந்தாங்க" என்று கேட்காதீர்கள். நூறு தரம் கேட்டிருப்பீர்கள், அவரும் அதே பதிலைச் சொல்லியிருப்பார். அப்போது நீ எங்கே படுத்தாய், யார் சமைத்தது, மாங்காய்க் குத்தகைப் பணத்தை யார் வாங்கியது, உங்கள் அப்பாவுக்குச் சம்பளம் யார் கொடுத்தது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.


ஏரிக்கரைப் பேரன்:

ஐயா, நீங்கள் சொன்ன மாதிரியே கேட்டேன். மாமாவும் பக்கத்தில் இருந்தார். நாங்கள் யாருமே கேள்விப்படாத விஷயமாகக் கொட்டிவிட்டார். அப்படியே எழுதுகிறேன்.

முதலாளி குடும்பம் வந்ததாம். அண்டா குண்டானோடு மாட்டு வண்டிகளில், ராத்திரியில். ஆயாவும் அவர் அம்மாவும் கூடத்தைக் கழுவிவிட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்கள். "அவங்க வந்தா நாங்க உள்ள படுக்கக் கூடாது" என்று சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது. கண்ணாடிக்குக் கறுப்பு பூசியது கொள்ளுத்தாத்தாவே. விளக்குக் கரியையும் எண்ணெயையும் குழைத்துத் துணியால் அப்பினாராம். புளியமரத்தடியில் பள்ளம் வெட்டினார்கள். சங்கு ஊதினால் அதில் குந்த வேண்டும். மழை வந்ததும் பள்ளத்தில் தவளைதான் குந்தியது என்று ஒரே சிரிப்பு. முதலாளி ஜனம் ஒரு மாங்காய்ப் பருவம்கூட முழுதாக இருக்கவில்லை. கிளம்பி ஊருக்குப் போய்விட்டார்கள்.

பர்மா குடும்பம் உண்மை, சித்தி ஜெயித்துவிட்டார். ஓர் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். புருஷன் வழியில் இறந்துவிட்டார். கொள்ளுத்தாத்தாதான் கொட்டகையில் ஒரு பக்கம் தட்டி கட்டிக் கொடுத்தார். முதலாளியைக் கேட்கவில்லை, அவர்தான் ஊரில் இல்லையே.

அப்புறம் ஓர் ஆபீசர் டேப் பிடித்து எல்லா அறையையும் அளந்துவிட்டு, கதவுகளில் எண் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் விமானக்காரர்கள். நாலைந்து பேர் இருப்பார்கள், ஆள் மாறிக்கொண்டே இருக்கும். அந்தப் பர்மா அம்மாவுக்கு இந்துஸ்தானி தெரியும் என்பதால் அவர்களுக்குத் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. யுத்தம் முடிந்து அவர்கள் வியாசர்பாடிப் பக்கம் போனார்கள், அதன் பிறகு தகவல் இல்லை. "ஒரு நா நாலு பேரு போனானுங்க, வரல. அவனுங்க துணி கொடியிலயே காஞ்சிது. அந்தம்மா மடிச்சி வச்சிது" என்றார். இதை முன்னால் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

பெரியப்பாவின் இத்தாலிக்காரர் யார் என்பதும் தெரிந்துவிட்டது. கோவாவிலிருந்து வந்த குசினிக்காரர் (சமையல்காரர்). சிவப்பாக, கழுத்தில் சிலுவையோடு இருப்பார். பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சம்பளம் யார் கொடுத்தது என்று கேட்டதற்கு: "மொதலாளி எங்க குடுத்தாரு? மிலிட்டரிதான். மாசாமாசம் எங்கப்பா கட்டவெரல் வச்சி வாங்குவாரு. அந்தப் பணத்த சேத்து வச்சிதான் ஊடு வாங்கினாரு."

கிரயப் பத்திரம் மாமா வீட்டு பீரோவில் இருக்கிறது. மாமா இப்போது கொஞ்சம் அமைதியாக இருக்கிறார்.


கேட்டலினா பைத்தியம்:

திரும்பி வராத அந்த நாலு பேர் விஷயத்தை ஏர் 27ல் தேடலாம். தொலைந்த விமானங்களின் தேதியும் ஆட்கள் பெயரும் அதில் உண்டு. வழக்கமாக ஒரு கேட்டலினாவில் எட்டுப் பேர் அளவுக்குப் போவார்கள், உங்கள் வீட்டில் இருந்தது அதில் பாதியாக இருக்கும். மழைக்காலமா, வெயிலா, ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று மட்டும் ஆயாவிடம் கேட்டுச் சொல்லுங்கள், 1942க்கும் 1945க்கும் நடுவில் நான் குறுக்கிப் பார்க்கிறேன். உடல் கிடைத்திருந்தால் நந்தம்பாக்கத்தில் இருக்கும் யுத்தக் கல்லறையில் இருக்கலாம். 1952ல் அமைத்தது, பல ஊர்களில் இருந்த கல்லறைகளை அங்கே கொண்டு வந்து சேர்த்தார்கள். கடலில் போனவர்களுக்குக் கல்லறை இல்லை. கண்ணாடி விஷயத்தில் பத்திர ஐயா சொன்னதுதான் நின்றது.


பழைய பத்திரம்:

தம்பி, எண் போட்டது, டேப் பிடித்தது இரண்டும் 75ஏ வேலைதான், சந்தேகமே வேண்டாம். அளந்த குறிப்பில் கொட்டகையும் இருக்கும். கொட்டகையில் யார் குடியிருந்தார்கள் என்றும் எழுதியிருப்பார்கள், ஏனென்றால் காலி செய்யச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு பண்ண வேண்டும். உங்கள் கொள்ளுத்தாத்தாவைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள் என்றால் பெயரும் கைநாட்டும் ஏதோ ஒரு பட்டுவாடா ரெஜிஸ்தரில் ஏறியிருக்கிறது. வீட்டு ஈட்டுத்தொகை முதலாளி பெயரில் வந்திருக்கும். நீங்கள் மனுவில் இரண்டு பெயரையும் போடுங்கள். முதலாளி பெயரை மட்டும் போட்டுத் தேடினால் வாடகைக் கணக்கு கிடைக்கும், அங்கேயே இருந்த மனிதர் கிடைக்க மாட்டார்.

எழும்பூரில் உங்கள் ஆதார் அட்டை, கிரயப் பத்திர நகல், வாரிசுச் சான்று எல்லாம் கையோடு கொண்டு போங்கள். ஆராய்ச்சிக்காரர்களிடம் காலேஜ் கடிதம் கேட்பார்கள். நீங்கள் சொத்துக்காரர், அதைச் சொல்லி மனு கொடுங்கள். ஒரே நடையில் முடியாது, முதலில் அட்டவணையைப் பார்த்து ஜி.ஓ (அரசாணை) எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இடிக்கிறவர்கள் தேக்குக் கதவை முதலிலேயே கழற்றி விற்றுவிடுவார்கள். அந்த 4ம் நம்பர் கதவை உங்கள் பங்கில் வேண்டும் என்று இப்போதே பங்காளிகளிடம் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாக வேண்டாம். மற்ற நாலு கதவிலும் பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள், எண் இருந்தால் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், எந்த அறை எந்தத் திசை என்று வரைபடமும் போடுங்கள். காப்பகத்தில் அளந்த குறிப்பு கிடைத்தால் ஒத்துப் பார்க்க அது வேண்டும்.